பெண்கள் வார்டில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

வீட்டுக்கு வந்துவிட்டேன். தையல் பிரித்தாயிற்று, மெல்ல நடக்கிறேன், சாப்பாடு இறங்குகிறது. அந்த ராத்திரி என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்ப எழுத இப்போது தெம்பில்லை. நன்றி சொல்ல மட்டும்தான் இந்த மடல்.

யாரையும் விட்டுவிடக் கூடாது என்பதால் எல்லோரையும் முதலிலேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காசு வாங்காமல் கொண்டுபோய் இறக்கிவிட்ட ஆட்டோ அண்ணன், ரத்தம் கொடுத்த கல்லூரித் தம்பிகள், திருநங்கைகளான எங்கள் குடும்பமாகிய ஜமாத்தில் எனக்கு மகள்களாகி, வராண்டாவில் பாய் விரித்து மாற்றி மாற்றிப் படுத்த பிள்ளைகள், சீட்டில் பெயரையும் பாலினத்தையும் நான் சொன்னபடியே எழுதிய கவுண்டர்காரர், தன் கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றிய பக்கத்துக் கட்டில் பாட்டி, ஆபரேஷன் செய்த டாக்டர்கள். மயக்க மருந்து டாக்டர் எந்த ஹார்மோன் மாத்திரை, எவ்வளவு காலமாக என்று முகம் சுளிக்காமல் கேட்டு, ஈஸ்ட்ரோஜன் எடுப்பவர்கள் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல், அதற்கு ஊசி போடுவோம் என்று விளக்கவும் செய்தார். எனக்கு அப்படி யாரும் விளக்கியதே இல்லை. உங்கள் எல்லோருக்கும் கும்பிட்டு நன்றி சொல்கிறேன்.

அப்புறம் அந்த நர்ஸ் தங்கச்சி. பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்த சில நாளில் எனக்கு முகத்தில் முடி வளர்ந்துவிட்டது. ஹார்மோன் எடுத்தாலும் தாடி முடி போய்விடாது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லேசர் செய்துகொள்ள வசதியில்லாத எங்களில் பலருக்கு விடிந்ததும் முதல் வேலை ஷேவிங்தான், அதை முடிக்காமல் வாசல் பக்கம்கூடப் போக மாட்டோம். இங்கேயோ ஒரு கையில் டிரிப்ஸ், வயிற்றில் தையல், கண்ணாடி கிடையாது. போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தேன். சாயங்காலம் பார்க்க வருகிற கூட்டத்தில் யாராவது ஒருவர், 'இவங்கள ஏன் இங்க போட்டிருக்கீங்க' என்று சத்தம் போட்டால் போதும், ஆண்கள் வார்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. சும்மா வந்த பயமில்லை அது. பல வருஷம் முன்பு வேறொரு ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சலோடு போனபோது எந்த வார்டிலும் சேர்க்காமல் நடுவில் நடைபாதையில் போட்டார்கள், பயிற்சி மாணவர்கள் கூட்டமாக வந்து காய்ச்சலுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தையெல்லாம் காட்டச் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் நோய் முற்றுகிற வரை மெடிக்கலில் மாத்திரை வாங்கியே ஓட்டுவது இதனால்தான்.

அன்று காலை நைட் டூட்டியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டிய அந்த நர்ஸ் தங்கச்சி, தோளில் பையோடு வந்து என் கட்டிலைச் சுற்றி ஸ்கிரீனை இழுத்துவிட்டார். கையில் ஒரு மக் வெந்நீர், புது ரேசர், சோப்பு, சின்னக் கண்ணாடி. "அக்கா, நான் பண்ணி விடட்டுமா, இல்ல உங்க பொண்ணுங்கள்ல யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று காதோரம் கேட்டார். நான் வாயைத் திறந்து எதுவும் கேட்டிருக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து, அவசரமே இல்லாமல், மேலுதட்டின் ஓரம்வரை வழித்துவிட்டு, துண்டால் ஒற்றி எடுத்து, "பொட்டு எங்க வச்சிருக்கீங்க?" என்றார். அழுகை வந்தால் தையல் வலிக்கும், அப்படியும் அழுதேன். அவர் இல்லாத நாளிலும் யாராவது வந்து செய்தார்கள், டூட்டி மாற்றும்போது மருந்து விவரத்தோடு இதையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று பிறகு கேட்டேன். நர்சிங் படிக்கும்போது ஒரு திருநங்கை அவர்கள் வகுப்புக்கு வந்து பேசினாராம். ஆஸ்பத்திரியில் படுத்தால் ஊசியைவிட முகத்தில் முடி வளர்வதுதான் பெரிய பயம் என்று சொன்னாராம். "பரீட்சைல அது வரலக்கா, ஆனா மறக்கல."

யாரென்று தெரியாத அந்தத் தோழிக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. எந்த ஊரிலிருந்து பஸ் ஏறி அந்தக் கல்லூரிக்குப் போனாரோ, கேட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் சிரித்தார்களோ, அவர் பேசியது என் கட்டில்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

படுத்தே கிடந்ததில் நிறைய யோசித்தேன். 2008-இல் இந்தியாவிலேயே முதலில் திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம் நம் தமிழ்நாடு. மருத்துவப் பாடத்திட்டத்தை எங்கள் தேவைக்கேற்ப மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவே சொல்கிறது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எங்களை 'குணப்படுத்தும்' முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னார், அந்த அக்டோபரிலேயே தேசிய மருத்துவ ஆணையம் எங்களை இழிவாகக் காட்டும்படி பாடம் நடத்தக் கூடாது என்று கல்லூரிகளுக்கு எழுதியது. எல்லாம் வேண்டும், அதற்காகப் போராடியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடலாம். ஆனால் இழிவான வரியைப் புத்தகத்திலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் எங்களைப் பற்றிய உண்மையை வைக்க வேண்டும். கீழே ஆபரேஷன் செய்துகொண்ட திருநங்கைக்கும் புராஸ்டேட் சுரப்பி உள்ளேயே இருக்கும், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிக்குக் கர்ப்பப்பை வாய் இருந்தால் அந்தப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவை, கதீட்டர் என்கிற சிறுநீர்க் குழாய் போடும் முன் என்ன ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். இதையெல்லாம் டாக்டர் மட்டும் தெரிந்துகொண்டால் பற்றாது. ராத்திரி பக்கத்தில் இருப்பது நர்ஸும் ஆயாவும் வார்டு பாயும்தான்.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். உடம்பு தேறியதும் எந்த நர்சிங் கல்லூரி, மருத்துவக் கல்லூரி கூப்பிட்டாலும் போய்ப் பேசுவேன், பணம் எதுவும் வேண்டாம். ஏப்ரல் 15 திருநங்கையர் தினத்துக்குச் சால்வை போட மட்டும் கூப்பிடாதீர்கள், சாதாரண வகுப்பு நாளில் ஒரு பீரியட் கொடுங்கள். வார்டு ஊழியர்களையும் கூட உட்கார வையுங்கள். பிள்ளைகள் கேட்கத் தயங்கும் கேள்விகளைச் சீட்டில் பெயரில்லாமல் எழுதித் தரட்டும், எதுவானாலும் பதில் சொல்கிறேன்.