லிட்டருக்கு எத்தனை என்று கேட்காதீர்கள்

கடல்மீன் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கு நிதி ஒதுக்கி, ஆய்வும் நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்கள் மதிப்பீட்டுப் படிவத்தின் முதல் கேள்வி, ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை லார்வா, அதாவது முட்டையிலிருந்து வெளிவந்த இளம் மீன், என்பது. பெரிய தொட்டியில் குறைவாக விட்டு வளர்க்கும் எங்கள் அரைத்தீவிர முறை அந்தக் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. நெருக்கமாக விட்டு வளர்க்கும் தீவிர முறைக்காரர் 50, 100 என்று எழுதுவார். 30 முதல் 100 கனமீட்டர் வரையுள்ள பெரிய தொட்டியில் லிட்டருக்கு 2 முதல் 8 வரை விடுகிறவர் என்ன எழுத முடியும்?

குறைவாக விடுவதற்குக் காரணம் உண்டு. பெரிய தொட்டியில் வெப்பநிலை சட்டென்று மாறாது, அம்மோனியா மெதுவாகவே ஏறும். பாசி கலந்த பச்சைத் தண்ணீரில் லார்வாவுக்கு இரையாகும் கோப்பிபாடு என்ற நுண்ணிய ஓட்டுயிரிகள் தாமாகப் பெருகும். மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஎச்ஏ என்ற கொழுப்பமிலம் அவற்றில் இயல்பாகவே உண்டு. உயிர்த்தீவனமாகத் தரும் ஆர்டீமியா என்ற சிறு உப்புநீர் உயிரியில் அது இல்லாததற்குச் சமம், ஊட்டித்தான் ஏற்ற வேண்டும்.

லார்வாவின் முதல் இரையான ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரியைக் கொட்டிக் குவிப்பதும் தவறு. காலையும் மாலையும் மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் எண்ணி, குறைந்ததை மட்டும் சேர்க்க வேண்டும். மிஞ்சியவை பாசியைத் தின்று தண்ணீரைத் தெளியவைத்துவிடும். பாசி தீர்ந்தால் பட்டினி கிடந்து, ஏற்றிய கொழுப்புச் சத்தைச் சில மணி நேரத்தில் இழக்கும். வயிறு நிறைந்த லார்வாவும் அப்போது சத்தின்றிச் சாகும்.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது, மீனை மிதக்க வைக்கும் காற்றுப்பை. பல இன லார்வாக்கள் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கித்தான் அதை முதன்முதலில் நிரப்புகின்றன. அதற்குக் கிடைப்பது சில நாட்களே, பிறகு உணவுப்பாதையிலிருந்து பைக்குச் செல்லும் குழாய் மூடிக்கொள்ளும். அந்த நாட்களில் தீவனத்தின் எண்ணெய்ப் படலம் மேலே மூடியிருந்தால் லார்வாவால் அதைத் துளைக்க முடியாது. மிதக்கும் சட்டம் ஒன்றைப் போட்டு, மேற்பரப்பை ஒட்டி மெல்லிய காற்றை வீசினால் படலம் சட்டத்துக்குள் ஒதுங்கும், அங்கிருந்து துடைத்து எடுக்கலாம். இது நாளுக்குப் பலமுறை செய்யும் சலிப்பான வேலை. தவறினால் முதுகெலும்பு வளைந்த, கையாளும்போதே சாகிற குஞ்சுகள்தான் மிஞ்சும். அவற்றையும் படிவம் "உயிருடன்" என்றே எண்ணுகிறது!

அந்த எண்ணிக்கையும் நம்பத் தக்கதல்ல. பகலில் லார்வாக்கள் வெளிச்சம் பார்த்துத் திட்டுத்திட்டாகக் கூடும். எங்கே குவளையை முக்கினீர்களோ அதற்கேற்ற விடைதான் வரும். எண்ணியே ஆக வேண்டுமென்றால், இருட்டிய பின் பல இடங்களில் மேலிருந்து அடிவரை குழாயால் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

கொடுவா, களவா போன்ற இனங்களில் ஒன்றையொன்று தின்னும் பழக்கம் தொடங்கியதும் அளவுவாரியாகப் பிரித்தாக வேண்டும். அது எந்த முறைக்கும் பொது.

இந்த முறைக்கு இடம் அதிகம் வேண்டும். கோப்பிபாடு எல்லா வளர்ப்புச் சுற்றிலும் ஒரே அளவில் வராது. ஆகவே எல்லோரையும் இதற்கு மாறச் சொல்லும்படி கேட்கவில்லை. முதல் கேள்வியை நீக்கி, மூன்றைச் சேருங்கள்: உலர்தீவனத்துக்குப் பழகிய குஞ்சு எத்தனை? அவற்றில் காற்றுப்பை நிரம்பியவை எத்தனை விழுக்காடு? உருக்குலைந்தவை எத்தனை விழுக்காடு? இரண்டாவதைச் சரிபார்ப்பது எளிது: மயக்க மருந்திட்ட குஞ்சுகளை உப்பு கூடிய நீரில் விட்டால் காற்றுப்பை உள்ளவை மிதக்கும், இல்லாதவை அடியில் தங்கும்.

இப்படிக்கு,
கடல்மீன் குஞ்சு வளர்ப்புத் தொழில்நுட்பர்கள்