ஜப்பான்லயும் ஊருக்கு ஒரு உருபு

ஆசிரியருக்கு வணக்கம். வட்டார வழக்கு கட்டுரை நல்லாருந்துச்சு, ஆனா ஜப்பான்ல எங்க போனாலும் ஒரே பேச்சுதான்னு ஒரே வரில முடிச்சது சரியில்ல சார். நம்ம 'ஊருக்கு'ல வர்ற 'கு' இருக்கே, அதுக்கு கியோட்டோல 'எ', தென்மேற்குத் தீவான கியூஷூல 'நி', கிழக்கு ஜப்பான்ல 'சா'ன்னு அங்க சொலவடையே உண்டு, 1604-08ல நாகசாகில அச்சான போர்ச்சுகீசிய பாதிரியார் ரோட்ரிகஸ் எழுதின ஜப்பானிய இலக்கணத்துலயே இருக்கு. 'சா' வந்தது 'சமா'லேருந்து, பக்கம், தெசன்னு அர்த்தம், தேஞ்சு தேஞ்சு உருபாயிடுச்சு, வடகிழக்குல இருக்கற தொஹோகுல இன்னிக்கும் 'டோக்கியோ சா'தான். மெட்ராஸ்காரங்க அண்டைய 'அவனாண்ட' ஆக்கல? நம்ம டெல்டால 'அவன்கிட்ட', அதுவும் இப்ப 'அவன்ட்ட' ஆயாச்சு. கியூஷூல 'புத்தகத்தை'ங்கிறதுக்கு பொது ஜப்பானியத்துல வர்ற 'ஹொன் ஓ' இல்ல, 'ஹொன் பா', 'ஐ'க்கு இருந்த பழைய உருபு 'ஓபா'ல பின்பாதி மட்டும் மிச்சம். அடுத்த வாரம் இதையும் கொஞ்சம் போடுங்க.

- வாசகர், மன்னார்குடி