முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் பகுதியில் தனியார் பரிசோதனை நிலையங்கள் நடத்தும் முழு உடல் பரிசோதனை முகாம்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அண்மையில் ஒரு செய்தி வந்திருந்தது. பெண்களுக்கான சலுகைக் கட்டணத் தொகுப்பில் சிஏ-125 என்னும் ரத்தப் பரிசோதனையும் அடங்கும் என்றும், சினைப்பைப் புற்றுநோயை அறிகுறி தோன்றும் முன்பே அது காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் முப்பது வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணும் ஆண்டுதோறும் அதைச் செய்துகொள்வது நல்லது என்றும் அச்செய்தி கூறியது. மருத்துவ மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அறிவுரையை நம்பிப் பணம் கட்டப்போகும் பெண்கள் அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில இருக்கின்றன என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தப் பரிசோதனை உயிரைக் காக்குமா என்ற கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் முறையாகவே கேட்டு, விடையையும் வெளியிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 55 முதல் 74 வயது வரையுள்ள ஏறத்தாழ 78,000 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு சம பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சிஏ-125 பரிசோதனையும் ஸ்கேனும் செய்தார்கள். மறு பிரிவினர் வழக்கமான மருத்துவக் கவனிப்பில் மட்டும் இருந்தார்கள். முடிவுகள் 2011-இல் வெளியாயின. பரிசோதிக்கப்பட்ட பிரிவில் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் 118 பேர். மறு பிரிவில் 100 பேர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே என்பதால் பரிசோதனை இறப்பைக் கூட்டியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குறைத்தது என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. அதைவிட என்னை வருத்தும் எண்கள் வேறு. நோயே இல்லாத 3,285 பெண்களுக்கு நோய் இருக்கலாம் என்று முடிவு வந்தது. அவர்களில் 1,080 பேர் அதன் தொடர்ச்சியாக அறுவை சிகிச்சைக்கு உள்ளானார்கள். அவர்களிலும் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவுகள் ஏற்பட்டன. நலமாக இருந்த பெண்கள் இவர்கள் அனைவரும். இங்கிலாந்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட இன்னும் பெரிய ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தபோது, அதிலும் பரிசோதனையால் இறப்பு குறையவில்லை.

நோயை முதலிலேயே கண்டுபிடித்தால் நல்லதுதானே என்று படிப்பவர் கேட்பார். கேட்பது இயல்பு; ஆனால் இந்த இடத்தில்தான் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. ஒரு பெண்ணுக்கு 54 வயதில் வயிற்று வலி வந்து நோய் தெரிந்து, சிகிச்சை பெற்றும் 57 வயதில் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே பெண்ணுக்குப் பரிசோதனையின் மூலம் 50 வயதிலேயே நோய் தெரிந்து, சிகிச்சை பெற்று, அதே 57 வயதில் இறந்தாலும், நோய் தெரிந்தபின் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர் என்ற பட்டியலில் அவர் சேர்ந்துவிடுவார். வாழ்நாளில் ஒரு நாள்கூடக் கூடவில்லை. நோயாளி என்று அறிந்து வாழ்ந்த ஆண்டுகள் மட்டுமே கூடின. முகாம் விளம்பரங்களில் காணப்படும் ஐந்தாண்டு உயிர்வாழ்வுச் சதவீதம் இவ்வாறு உயரக்கூடியது. தென் கொரியாவில் தைராய்டு ஸ்கேன் பரவலானபின், 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் பதினைந்து மடங்கானது. அந்நோயால் இறப்போர் விகிதமோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆகவே ஒரு பரிசோதனையின் பயனை அளக்க, அது எத்தனை நோயாளிகளைக் கண்டுபிடித்தது என்று பார்த்தால் போதாது. பரிசோதிக்கப்பட்டவர்களையும் படாதவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, இறப்பை எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

இதனால் நான் எல்லாப் பரிசோதனைகளுக்கும் எதிரானவன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நமக்கு அருகிலேயே, திண்டுக்கல் மாவட்டத்தில், 30 முதல் 59 வயதுப் பெண்களிடையே நடந்த ஆய்வை நான் மாணவர்களுக்குத் தவறாமல் எடுத்துச் சொல்வதுண்டு. கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் வெளுக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் எளிய முறை அது. பயிற்சி பெற்ற செவிலியர்களே அதைச் செய்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏற்படுவது 25 சதவீதமும் அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தன. 35 சதவீதம் என்றால் எத்தனை பேர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லட்சம் பெண்களை ஓராண்டு கவனித்தால், பரிசோதனை இல்லாத பகுதியில் ஏறத்தாழ 51 பேரும், பரிசோதனை நடந்த பகுதியில் ஏறத்தாழ 30 பேரும் இந்நோயால் இறந்தார்கள். (வயது முதலான வேறுபாடுகளைச் சரிசெய்த பிறகு கிடைத்தது அந்த 35 சதவீதம்.) இப்படி ஆள்கணக்காக எழுதும்போது எண் சிறிதாகத் தெரிந்தாலும், செலவு குறைந்த ஒரு முறையால் தாய்மார்களின் உயிர் காக்கப்படுகிறது என்பதால் அதன் மதிப்பு எனக்குக் குறைந்துவிடவில்லை.

ஒரே ஆய்வோடு நின்றுவிடவும் கூடாது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வில், இதே அசிட்டிக் அமில முறை இறப்பைக் குறைத்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸைக் கண்டறியும் பரிசோதனையை ஒரே ஒருமுறை செய்துகொண்ட பிரிவிலோ இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2009-இல் வந்த முடிவு இது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் எச்பிவி பரிசோதனையையே முதன்மை முறையாகப் பரிந்துரைத்தது. நல்ல ஆதாரம் இவ்வாறுதான், ஒன்றோடொன்று முரண்படும் முடிவுகளையும் கணக்கில் கொண்டு, படிப்படியாகச் சேர்கிறது.

சிஏ-125 பயனற்ற பரிசோதனை என்றும் நான் சொல்லவில்லை. யாருக்குச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது. எடுத்துக்காட்டுக்காக, நோய் உள்ள எவரையும் தவறவிடாத, ஆனால் நோய் இல்லாதவரில் நூற்றுக்கு ஐவருக்கு மட்டும் தவறாக நோய் இருப்பதாகக் காட்டும் ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். வயிறு உப்பி, எடை குறைந்து, மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பப்பட்ட ஆயிரம் பெண்களில் இருநூறு பேருக்கு நோய் இருந்தால், பரிசோதனை 240 பேரைச் சுட்டும். அவர்களில் 200 பேர் உண்மையான நோயாளிகள். அதே பரிசோதனையை, ஆயிரத்தில் ஒருவருக்கே நோய் இருக்கக்கூடிய முகாமில் செய்தால் அது ஏறத்தாழ 51 பேரைச் சுட்டும். நோய் இருப்பது ஒருவருக்குத்தான். கருவியும் மாறவில்லை, ரசாயனமும் மாறவில்லை. மேலும் மாதவிலக்குக் காலத்திலும், கருப்பையில் கட்டி இருந்தாலும், கருவுற்றிருந்தாலும்கூட சிஏ-125 அளவு உயரும். எனவே முப்பது வயதுப் பெண்களிடம் வீண் அச்சம் இன்னும் அதிகமாகவே விளையும். அறிகுறி உள்ள பெண்கள் இக்கடிதத்தைக் காரணம் காட்டி மருத்துவரிடம் செல்லாமல் இருந்துவிடக் கூடாது என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

முகாமில் தவறாகச் சுட்டப்படும் அந்த ஐம்பது பேர் யார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். அம்மாப்பேட்டைத் தறிக்குடும்பத்துப் பெண்ணாக இருக்கலாம், கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவராக இருக்கலாம். ஏற்காடு மலையில் நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ காப்பித் தோட்டக் கூலிக்குப் போகும் பெண்ணாக இருந்தால், மேல்பரிசோதனைக்காக இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறங்கி வரவேண்டும். அன்றைய கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம், முடிவு வரும் வரை அந்தக் குடும்பத்தை உறங்க விடாது. முகாமின் சலுகைக் கட்டணத்தில் இவை எதுவும் சேர்வதில்லை.

சிகிச்சைகளுக்கும் இதே அளவுகோல்தான். காசநோயாளிக்கு மருத்துவமனைப் படுக்கையும் ஊட்டமான உணவும் ஓய்வும் இன்றியமையாதவை என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகள் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். வறிய வீடுகளில் தங்கி மருந்து உட்கொண்டவர்களும் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஏறத்தாழ இணையாகவே குணமடைந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. கொரோனா காலத்தில், நோயிலிருந்து மீண்டவரின் ரத்தப் பிளாஸ்மா குணப்படுத்தும் என்று நம்பி, கொடையாளரைத் தேடிக் குடும்பங்கள் அலைந்தன; இந்தியாவின் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு, பிளாஸ்மா பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடில்லை என்று 2020-லேயே காட்டியது. காசநோய்க்கென விற்கப்பட்ட ரத்த எதிர்ப்பொருள் பரிசோதனைகள் நம்பத்தகாதவை என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் அறிவித்ததை அடுத்து, மறு ஆண்டே இந்திய அரசு அவற்றைத் தடைசெய்தது. அதற்குள் அவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. இனி ஒரு பரிசோதனையையோ மருந்தையோ பற்றிய செய்தி வரும்போது, அதை நடத்துபவரிடம், எத்தனை பேரிடம், எந்தப் பிரிவினருடன் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது என்றும், ஆயிரம் பேரில் எத்தனை பேர் பயனடைந்தார்கள், எத்தனை பேர் வீணாக அலைக்கழிக்கப்பட்டார்கள் என்றும் தங்கள் செய்தியாளர் கேட்டு, கிடைத்த விடையையும், விடை கிடைக்காவிட்டால் அதையும் அச்சிட வேண்டும். கட்டணம் பெற்று வெளியிடுவது விளம்பரம் என்ற குறிப்புடனே வரட்டும். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கான கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. ஏற்காடு மலைக் கிராமங்கள் உட்பட மாவட்டத்தில் எந்த நிலையத்தில் எந்த நாளில் செய்கிறார்கள் என்ற விவரத்தைக் கேட்டுப் பெற்று, முகாம் செய்தி வந்த அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.