என் அம்மா வீட்டுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

பாப்பாவும் நானும் ஆஸ்பத்திரியில் இருந்து வந்து இன்றோடு 4 நாள் ஆகிறது. எடை 2 கிலோவைத் தாண்டிவிட்டாள், நன்றாகப் பால் குடிக்கிறாள், நன்றாக அழுகிறாள், அந்த அழுகைச் சத்தத்தைக் கேட்கவே ராத்திரி முழுக்க முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்த அந்த 19 நாள் எப்படிப் போனது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், என் கணவர் உங்களிடம்தான் மணிக்கொரு தரம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நடு ராத்திரியில் ரத்தம் கொடுக்க ஓடி வந்த மூன்று தம்பிகள், 108 வண்டியில் வழியெல்லாம் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்த அக்கா, பாப்பாவை நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்ளும் கங்காரு முறையைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர்கள், தங்கள் முறைச் சீட்டுப் பணத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்த பட்டறை அண்ணன்கள், என்னோடு குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்து இப்போது திருப்பூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கிற, மாற்றி மாற்றி லீவு போட்டு வந்து வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்த என் நாலு தோழிகள். உங்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்டிப்பாகச் சொல்வேன்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது முக்கியமாக ஒருவருக்காக.

கர்ப்பமாக இருந்தபோது தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். “தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்கு எப்பம்மா போற?” அடுத்த மாசம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னேன். காப்பகத்தில் இருந்து வந்தவள் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, ஆனால் அதைச் சொன்னதும் அவர்கள் முகத்தில் வருகிற பரிதாபத்தைத் தாங்க முடியாது. ஆஸ்பத்திரியிலும் அதே கேள்வி. முதல் நாள் ஆயா வந்து, “பொண்ணோட அம்மா வீட்டுல இருந்து யாரு வந்திருக்கா?” என்று சத்தமாகக் கேட்டபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் மாமியார் தங்கமானவர், முழங்கால் வலியோடு ஊரில் இருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுத்தான் போனார். இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் அவர் இல்லையே.

மூன்றாம் நாள் காலையில் அதே கேள்வி மறுபடி வந்தது. வாசலில் இருந்து ஒரு குரல், “நாங்கதான், அம்மா வீட்டு ஆளுங்க.”

திரும்பிப் பார்த்தால் தையல் டீச்சர். நான் எட்டாவது படிக்கும்போதிருந்து பிளஸ் டூ முடிக்கிற வரை சனிக்கிழமைதோறும் காப்பகத்துக்கு வந்து எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர். கடைசியாக அவரிடம் பேசி மூன்று வருடம் ஆகியிருக்கும். தோழி ஒருத்தி போன் செய்து சொல்லியிருக்கிறாள், மறுநாள் காலை முதல் பஸ்ஸில் உறையூரில் இருந்து கிளம்பி வந்துவிட்டார். ஒரு கையில் தூக்குச் சட்டியில் பூண்டுக் குழம்பும் சோறும், இன்னொரு கையில் கட்டைப்பை.

பையில் இருந்தது பழைய வேட்டித் துணி. அவருடைய வீட்டுக்காரர் கட்டியது, அவர் இறந்து வருடங்கள் ஆகின்றன. வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, சதுரம் சதுரமாக 12 துணி. தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. ஒரு துணியில்கூட ஓரம் மடித்து அடிக்கவில்லை. கைக்குட்டைக்கு ஓரம் சரியாக மடிக்கவில்லை என்று அத்தனையும் பிரித்து மறுபடி தைக்கச் சொன்ன டீச்சர் இவர். நான் அந்த ஓரத்தையே தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “தையல் போட்டா பிள்ளைக்கு உறுத்தும்டி, அதான் கையாலேயே கிழிச்சேன்” என்றார். அதுவரை அழாமல் இருந்தவள் அப்போது உடைந்து போனேன்.

அப்புறம் 16 நாளும் வந்தார். பாப்பாவைப் பார்க்க அவரை உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து என்னைச் சாப்பிட வைத்து, சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

எனக்கு அப்பா இருந்தார், ஆனால் இல்லாத மாதிரிதான். அதனால் தத்துக் கொடுக்கும் பட்டியலில் என் பெயர் ஏறவே இல்லை. ஏறியிருந்தாலும் ஒன்பது பத்து வயதுப் பிள்ளையைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு, கைக்குழந்தைக்குத்தான் எல்லாரும் காத்திருக்கிறார்கள். 18 முடிந்தால் காப்பகத்தை விட்டு வெளியே வர வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தில் அதற்குப் பிறகும் 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை, பின்காப்பு, அதாவது வெளியே வந்தவர்களுக்கான உதவி, உண்டு. இப்போது மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாயும் தருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன், எங்களைப் போன்றவர்களுக்கு அது சோறும் வாடகையும். ஆனால் எனக்கு இப்போது 25 வயது. இந்த வயதில்தான் அம்மா வீடு இவ்வளவு தேவைப்படும் என்று எனக்கே தெரியாது.

வளர்ப்புப் பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காப்பகத்தில் இருக்கிற, 6 வயதுக்கு மேற்பட்ட, பார்த்துக்கொள்ள யாரும் இல்லாத பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்து வளர்க்கலாம். 2024இல் மத்திய அரசு கொண்டுவந்த புதிய நெறிமுறைப்படி கல்யாணம் ஆகாதவர்களும் தனியாக இருப்பவர்களும்கூட விண்ணப்பிக்கலாம். இரண்டு வருடம் கூடவே வளர்ந்தால், சட்டப்படி தடை இல்லாத பிள்ளையாக இருந்தால், தத்தெடுக்கவும் கேட்கலாம், முன்பு அதற்கு ஐந்து வருடம் ஆகும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்க் கேளுங்கள். அது முடியாதவர்கள், உங்களுக்குத் தெரிந்து காப்பகத்தில் இருந்து வெளியே வந்த பெண்ணோ பையனோ இருந்தால், தீபாவளிக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அடுத்த தீபாவளிக்கும் கூப்பிடுங்கள்.

நானும் என் கணவரும் பேசி முடிவு செய்துவிட்டோம். எங்கள் காப்பகத்தில் இந்த வருடம் இரண்டு பெண்களுக்கு 18 முடிகிறது. அவர்களுக்கு எங்கள் வீடுதான் அம்மா வீடு. பொங்கலுக்கு வருவார்கள், கல்யாணம் ஆனால் சீர் நாங்கள் கொண்டுபோவோம், பிரசவத்துக்கும் இங்கேதான். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு அறையும் சமையலறையும்தான், பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து 4 நாள் என்று மேலே சொன்னேனே, அது எங்கள் வீடு இல்லை, உறையூர் வீடு. டிஸ்சார்ஜ் ஆன அன்று 102 வண்டியில் டீச்சரம்மா எங்களை நேராக இங்கேதான் அழைத்து வந்தார். அவருடைய பழைய நூல் சேலையில் கட்டிய தூளியில் பாப்பா தூங்குகிறாள். என் கணவர் தினமும் வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார். நேற்று அவர் தயங்கித் தயங்கி, எப்போது கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்டார். “மூணாம் மாசம் நல்ல நாள் பார்த்து நானே கொண்டுவந்து விடுறேன் தம்பி, அதுதானே முறை” என்று சொல்லிவிட்டார் டீச்சரம்மா.

சரிங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.