அப்பாவுக்காக வந்து நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்மக்களுக்கும், அப்பாவிடம் படித்தவர்களுக்கும், அவரோடு களத்தில் நின்ற நடுவர்களுக்கும்,

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நானும் தம்பியும் எழுத உட்கார்ந்தோம். நோட்டில் நான்கு பக்கம் நிறைந்தும் பெயர்கள் முடியவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பி நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்றார்கள். லேசில் கிடைக்காத வகை. ராத்திரி பதினோரு மணிக்கு அப்பாவின் பழைய மாணவர் ஒருவருக்குப் போன் செய்தேன். விடிவதற்குள் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் சிலரை எனக்கு நன்றாகவே தெரியும். பல வருடங்களுக்கு முன், கோயில் கொடைக்கு நடந்த கபடியில் இரண்டு பக்கமும் சமப் புள்ளி. கடைசி ரைடில் எங்கள் ஊர்ப் பையன் யாரையும் தொடாமலே லாபியில், அதாவது களத்தின் ஓரப் பட்டையில், கால் வைத்துவிட்டான். எதிராளியைத் தொடும் முன் அங்கே கால் பட்டால் அவுட். அப்பா விசில் அடித்து அவுட் கொடுத்தார். ஊர் தோற்றது. "சொந்த ஊருக்கே இப்படிச் செய்யலாமா வாத்தியாரே" என்று வாசல்வரை வந்து சத்தம் போட்டவர்கள்தான் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். அன்று லாபியில் கால் வைத்த பையன் இப்போது பக்கத்து ஊரில் பி.டி. வாத்தியார். வேன் பிடித்ததே அவர்தான். அண்ணா, உங்களை அங்கே பார்த்ததும் அப்பா கண் கலங்கினார். அதை உங்களிடம் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

கல்லூரி நாட்களில் அப்பா நல்ல ரைடர். முழங்கால் தசைநார் கிழிந்ததோடு ஆட்டம் நின்றது. அப்புறம்தான் ஹாரி க்ரோ பக் 1920-இல் தொடங்கிய, சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குப் போனார். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முதலாகப் பதக்கப் போட்டியாகி, இந்தியா தங்கம் வென்றபோது பள்ளி முழுக்க மிட்டாய் கொடுத்தாராம். பரீட்சை நேரத்தில் மற்ற ஆசிரியர்கள் பி.டி. பீரியடைக் கடன் கேட்டால் தரவே மாட்டார். பெண்பிள்ளைகளுக்கு அணி சேர்க்க வீடு வீடாகப் போய்த் தகப்பன்மாரிடம் பேசினார். அந்த அணியில் ஆடிய அக்காமார் இந்தப் பதினாறு நாளும் முறை வைத்து அம்மாவோடு படுத்துக்கொண்டார்கள். கூடப் பிறந்தவர்கள்கூட இப்படிச் செய்வார்களா, தெரியாது.

ரத்த வங்கி ஊழியர்கள், வார்டு நர்ஸ் அக்கா, பந்தல் போட்டுவிட்டுக் காசு வாங்க மறுத்த அண்ணன், சீருடையிலேயே வந்து அப்பாவைத் தூக்கிய நடுவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அப்பாவின் விசிலைத் தம்பி வைத்துக்கொண்டான். விதிப் புத்தகங்களும், ஓரத்தில் அவர் பென்சிலால் குறித்த நோட்டுகளும் பெட்டியில் இருக்கின்றன. நடுவர் தேர்வு எழுதுகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் அம்மா வீட்டில்தான் இருப்பார்கள்.