சூப்பர்மேன்களின் வரிசையில் விடுபட்ட மூக்குக்கண்ணாடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரையில் சூப்பர்மேனாக நடித்த நான்கு நடிகர்களை ஒப்பிட்டு, சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் உடற்கட்டு, உடை, சண்டைக் காட்சி, வசூல் என்று தலைப்பு வகுத்து மதிப்பெண் இட்டு, ஹென்றி கேவிலுக்கு முதலிடமும், கிறிஸ்டோபர் ரீவுக்கு ‘அந்தக் காலத்துக்குப் பரவாயில்லை’ என்ற ஆறுதலோடு மூன்றாம் இடமும் தந்திருக்கிறார். கூடவே அச்சிட்டிருந்த நான்கு புகைப்படங்களிலும் முதுகில் சிவப்பு அங்கி பறக்கிறது. ஒன்றில்கூட மூக்குக்கண்ணாடி இல்லை. என்னுடைய மறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கி, 1938இல் சித்திரக்கதையாக அச்சில் வந்த இந்தப் பாத்திரத்துக்குத் தொடக்கத்திலிருந்தே இரண்டு ஆள்கள் உண்டு. ஒருவர் வானத்தில் பறப்பவர். மற்றவர் கிளார்க் கென்ட் என்ற பெயரில் ஒரு நாளிதழில் செய்தியாளராக வேலை பார்ப்பவர். மற்ற நாயகர்கள் முகத்தை மூடிக்கொண்டு சண்டைக்குப் போவார்கள். இவரோ முகத்தை ஊரறியத் திறந்துகொண்டு சண்டைக்குப் போய்விட்டு, ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து, பக்கத்து மேசையில் இருக்கும் லோயிஸ் லேனின் கண்ணுக்கே தெரியாமல் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டும். பறப்பதைக் கம்பியும் கணினியும் பார்த்துக்கொள்ளும். கண்ணாடிக்குள் ஒளிந்துகொள்ளும் வேலையை நடிகர்தான் செய்தாக வேண்டும். ஆகவே இவர்களை ஒப்பிடுவதென்றால் அந்த இடத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்கள் உடை தைக்கும் கடை வைத்திருப்பவன். கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு ஒருவர் முன்னால் போய் நின்றவுடன், அவர் தம்மை அறியாமலேயே மூச்சை இழுத்து வயிற்றை உள்வாங்கி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். அந்த நிலையில் எடுத்த அளவுக்குச் சட்டை தைத்தால் மறு வாரம் அது அவர் உடம்பில் உட்காராது. அதனால், அளவெடுக்கும்போது வேறு பேச்சுக் கொடுத்து, தோள் தானாக இறங்கும்வரை காத்திருப்பது எங்கள் தொழிலில் வழக்கம். ஒரே மனிதர் நிமிர்ந்து நிற்பதற்கும் தளர்ந்து நிற்பதற்கும் இடையே மார்பளவு எவ்வளவு மாறும், சட்டையின் முன்பக்க நீளம் எவ்வளவு தூக்கும் என்பது கைப்பழக்கத்தில் எனக்குத் தெரியும். ரிச்சர்ட் டோனர் இயக்கத்தில் ரீவ் நடித்து 1978 டிசம்பரில் வெளிவந்த படத்தை, வாடகை வீடியோ கேசட் காலத்தில் முதன்முறையாகப் பார்த்தபோது, ஒரு காட்சியில் நான் எழுந்து உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

அந்தக் காட்சி இது. சூப்பர்மேன் லோயிஸை வானில் ஒரு சுற்று அழைத்துச் சென்று, அவளுடைய வீட்டு மாடியில் இறக்கிவிட்டுப் பறந்து போகிறார். சற்று நேரத்தில் கதவு தட்டப்படுகிறது. வெளியே அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்த கிளார்க் வந்து நிற்கிறார். லோயிஸ் இன்னும் மயக்கம் தெளியாதவளாக உள்ளே போகிறாள். கூடத்தில் தனியாக நிற்கும் கிளார்க், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து கண்ணாடியைக் கழற்றுகிறார். முதுகெலும்பு நீள்கிறது, தோள்கள் பின்னால் போகின்றன, மோவாய் உயர்கிறது, அதுவரை தொண்டையின் மேல்பகுதியிலிருந்து வந்துகொண்டிருந்த குரல் நெஞ்சுக்கு இறங்குகிறது. அதே கோட்டுதான். ஆனால் உள்ளே இருப்பவர் வேறு ஆள். சொல்ல வாயெடுத்தவர், அவள் திரும்பி வந்ததும் தைரியம் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வந்த வழியே பழைய உருவத்துக்குள் சுருங்கிப்போகிறார். இத்தனையும் சில விநாடிகளில் நடக்கிறது. தந்திரக் காட்சி எதுவும் இல்லை, உடை மாற்றமும் இல்லை. ‘ஒரு மூக்குக்கண்ணாடியை வைத்து ஊரை ஏமாற்ற முடியுமா’ என்று நாற்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவந்த கேலிக்கு, முடியும் என்று ரீவ் அந்த ஒரு காட்சியில் காட்டிவிட்டார்.

ரீவ் அதற்காகச் செய்த ஆயத்தங்களும் என் போன்றோர் கவனிக்கத்தக்கவை. ஒல்லியான உடம்புக்காரரான அவருக்குத் தசை போலத் தெரியும் திணிப்பு வைத்த உடை தைக்கலாம் என்ற யோசனை வந்தபோது அதை மறுத்து, ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டார்த் வேடராக உடலைக் கொடுத்த டேவிட் பிரவுஸிடம் பயிற்சி பெற்று உடம்பை ஏற்றினார். ஏற்றிய உடம்பைப் படத்தில் பாதி நேரம் கோட்டுக்குள் மறைத்து, ஒன்றுமில்லாதது போலக் காட்டியதுதான் கெட்டிக்காரத்தனம். கிளார்க்காக வரும்போது தலை வகிடு ஒரு பக்கம், சூப்பர்மேனாக வரும்போது மறுபக்கம். கிளார்க்கின் தடுமாற்றத்துக்கு கேரி கிராண்டின் பழைய நகைச்சுவை நடிப்பை முன்மாதிரியாகக் கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இவ்வளவுக்கும் அந்தப் படத்தின் தலைப்புக்கு முன்னால் வந்த பெயர்கள் பெரிய நட்சத்திரங்களான மார்லன் பிராண்டோவும் ஜீன் ஹாக்மனும்தான்.

அவருடைய மூன்றாம் படம் (1983) ஒட்டுமொத்தமாகச் சுமாரானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1987இல் வந்த நான்காம் படத்தைப் பற்றிப் பேசாமல் விடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. ஆயினும் மூன்றாம் படத்தில், கெட்டுப்போன சூப்பர்மேன் மதுக்கடையில் உட்கார்ந்து கடலையைச் சுண்டிப் பாட்டில்களை உடைக்கும் காட்சியையும், அதன் பிறகு பழைய வாகனங்களை நசுக்கும் கிடங்கில் கிளார்க்கும் சூப்பர்மேனும் தனித்தனி ஆள்களாகப் பிரிந்து மோதும் காட்சியையும் கட்டுரையாளர் ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். மழிக்காத முகமும் அழுக்கேறிய உடையுமாக ஒருவர், கோட்டும் டையுமாக மற்றவர். இரட்டை வேடப் படங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சண்டையில் யார் ஜெயிக்க வேண்டும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஜெயிப்பது கிளார்க்.

ரீவுக்கு முன்பும் இருவர் உண்டு என்பதைக் கட்டுரை குறிப்பிடவில்லை. 1948ஆம் ஆண்டின் தொடர்படத்தில் கிர்க் ஆலின் நடித்தார். அவர் பறக்க வேண்டிய இடங்களில் கேலிச்சித்திர உருவம் ஒன்றை வரைந்து பறக்கவிட்டார்கள். 1951இல் ஒரு சிறு படத்திலும், அடுத்து 1958 வரை தொலைக்காட்சித் தொடரிலும் நடித்த ஜார்ஜ் ரீவ்ஸின் கிளார்க் தடுமாறுகிறவர் அல்லர். நிதானமாக, எதிராளியின் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்கும் முதிர்ந்த செய்தியாளர். ஆக, தோளைக் குறுக்கிக்கொண்டு நடிப்பது ஒன்றே வழி என்று நான் வாதிடவில்லை. ஏதாவது ஒரு வழியில் கிளார்க் இருக்க வேண்டும்.

பிராண்டன் ரூத்துக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இரக்கம்தான் வருகிறது. 2006ஆம் ஆண்டுப் படத்தை இயக்கிய பிரையன் சிங்கர் அதை ரீவின் முதலிரண்டு படங்களின் தொடர்ச்சியாகவே அமைத்ததால், ரூத்துக்குக் கிடைத்தது வேறொருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. விமானத்தைக் காப்பாற்றிவிட்டு, பயணங்களில் பறப்பதே இன்னமும் மிகப் பாதுகாப்பானது என்று ரீவ் சொன்ன வசனத்தையே இவரும் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஆயினும் அந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒரு சிறு காட்சி இருக்கிறது. லோயிஸும் அவளுடைய துணைவரும் செய்தி அலுவலகத்தில் நின்றுகொண்டு, சூப்பர்மேன் என்ன உயரம் இருப்பார், என்ன எடை இருப்பார் என்று பேசியபடியே கிளார்க்கைத் திரும்பிப் பார்க்கிறார்கள். கிளார்க் அசட்டுத்தனமாகக் கையசைக்கிறார். இருவரும் சிரித்துவிட்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அங்கே ஒரு தையற்காரன் இருந்திருந்தால் நாடாவைப் போட்டுக் கதையை முடித்திருப்பான். பல ஆண்டுகள் கழித்து, ஒரு தொலைக்காட்சித் தொடரின் சிறப்புப் பகுதியில் வயது கூடிய சூப்பர்மேனாக ரூத் மீண்டும் வந்தபோது ரீவின் நிழல் அவர்மீது அவ்வளவாக விழவில்லை. திரைப்படத்தில் அவருக்கு அந்த வாய்ப்பு அமையாமலே போயிற்று.

இனி, கட்டுரையாளர் முதலிடம் தந்த ஹென்றி கேவில். அவரை மட்டமாகப் பேசுவது என் நோக்கமன்று. ஜாக் ஸ்னைடரின் 2013ஆம் ஆண்டுப் படத்தில், அந்த உடையை அணிந்து முதன்முறையாகப் பறக்கக் கற்றுக்கொள்ளும்போது, பனியில் முழங்காலிட்டுத் தரையில் கையை ஊன்றி எழும்பி, தவறி மலைமீது விழுந்து, மீண்டும் எழும்பும் இடத்தில் அவர் முகத்தில் வரும் சிரிப்பு அசலானது. அதற்கு முன்பு, மதுக்கடையில் வேலை செய்யும்போது லாரி ஓட்டுநர் ஒருவன் அவமானப்படுத்த, திருப்பி அடிக்காமல் வெளியேறும் இடத்தில், அந்தப் பெரிய உடம்பு தன்னைத்தானே அடக்கிக்கொள்வதை நன்றாகக் காட்டினார். (வெளியே வந்து அந்த ஓட்டுநரின் லாரியை மரத்தடிகளில் குத்தி நிறுத்திவிட்டுப் போவது, அடக்கிக்கொண்டதன் அழகை இயக்குநரே கெடுத்துக்கொண்ட இடம்.) வில்லன் ஸாடின் கழுத்தை முறித்தபின் அவர் எழுப்பும் கூக்குரலும் நல்ல நடிப்புதான். ஆனால் படம் முழுவதும் இருப்பது ஒரே ஆள். மூக்குக்கண்ணாடி கடைசிக் காட்சியில்தான் வருகிறது. அவர் நாளிதழ் அலுவலகத்துக்குள் நுழைந்து லோயிஸுடன் கைகுலுக்குவதோடு படம் முடிந்துவிடுகிறது. அவளுக்கோ அவர் யாரென்று முன்பே தெரியும். ஆக ஒளிந்துகொள்ள வேண்டிய ஆளே எதிரில் இல்லை. அடுத்த படங்களில் கண்ணாடி வந்தபோதும், அதற்குள் இருந்தவர் அதே தோளும் அதே குரலும் கொண்ட கேவில்தான். இது பெரும்பாலும் திரைக்கதையின் குற்றம். 2017ஆம் ஆண்டுப் படத்தில், வேறொரு படத்துக்காக வளர்த்திருந்த மீசையைக் கணினியில் அழித்ததால் அவருடைய மேலுதடு பிசகித் தெரிந்தது. அதற்கும் அவர் பொறுப்பல்லர். இருந்தாலும், தேர்வே எழுதாத ஒரு பாடத்தில் ஒருவருக்கு முதல் மதிப்பெண் தருவது எப்படிச் சரியாகும்?

2025 ஜூலையில் வெளிவந்த ஜேம்ஸ் கன்னின் படத்தில் நடித்த டேவிட் கோரன்ஸ்வெட்டைக் கட்டுரை நான்கு வரிகளில் முடித்துவிட்டது. என் கணக்கில் ரீவுக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். இந்தப் படத்திலும் லோயிஸுக்கு உண்மை தெரியும். அலுவலகத்தில் தொளதொள கோட்டும் கலைந்த தலையுமாக அவர் வரும் நேரமும் குறைவு. ஆனால் லோயிஸின் வீட்டில், இரவுச் சாப்பாட்டு வேளையில், ‘சூப்பர்மேனாக எனக்குப் பேட்டி கொடு’ என்று அவள் ஒலிப்பதிவுக் கருவியை இயக்கும் நீண்ட காட்சி இருக்கிறது. முதலில் விளையாட்டாக, சற்றுக் கனத்த குரலில் பதில் சொல்லத் தொடங்குகிறவர், யாரைக் கேட்டு இரு நாடுகளின் போருக்கு நடுவே போனாய் என்று அவள் விடாமல் துருவத் துருவ, அந்தக் குரலைக் காப்பாற்ற முடியாமல் எரிச்சலடைந்து, மக்கள் சாக இருந்தார்கள் என்று கத்திவிடுகிறார். ரீவ் கண்ணாடியைக் கழற்றிச் செய்ததை இவர் கண்ணாடி இல்லாமல், வெறும் சட்டையோடு, தலைகீழாகச் செய்கிறார்: சூப்பர்மேனின் உள்ளிருந்து, கேன்சஸ் கிராமத்தில் வளர்ந்த பையனான கிளார்க் பிதுங்கி வெளியே வருகிறான். ரீவின் படத்திலும் மாடியில் லோயிஸ் அவரைப் பேட்டி எடுக்கிறாள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், 47 ஆண்டு இடைவெளியில் இரு நடிகர்களும் ஒரே முடிச்சை எப்படி அவிழ்க்கிறார்கள் என்பது தெரியும். அவருடைய உடையில் சுருக்கம் விழுகிறது என்று கட்டுரையாளர் குறை சொல்லியிருக்கிறார். மனிதர் குனிந்து நிமிர்ந்தால் துணியில் சுருக்கம் விழத்தான் செய்யும். விழாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் படங்களைத் தமிழில் மொழிமாற்றம் செய்த பதிப்பில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம். அண்மையில் தொலைக்காட்சியில் இத்தகைய பதிப்பு ஒன்றைப் பார்த்தேன். கிளார்க்குக்கும் சூப்பர்மேனுக்கும் ஒரே கம்பீரக் குரலைப் போட்டிருந்தார்கள். குரல் கொடுத்தவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவரிடம் யாரும் இது இரண்டு ஆள் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். உதட்டசைவுக்குப் பொருந்தினால் போதும் என்று நினைக்கிற இடத்தில், ரீவின் நடிப்பில் பாதி பறிபோய்விடுகிறது.

கட்டுரையில் விடுபட்ட இன்னொரு செய்தியையும் சேர்க்க விரும்புகிறேன். 1995இல் குதிரையிலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்து, 2004இல் மறைந்த ரீவின் மகன் வில் ரீவ், அமெரிக்கத் தொலைக்காட்சியில் செய்தியாளராகப் பணியாற்றுகிறார். 2025ஆம் ஆண்டுப் படத்தில் சில விநாடிகள் அவரும் வருகிறார், செய்தியாளராகவே. பறப்பவராக அல்ல, கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒலிவாங்கியோடு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.