ஹிட்லருக்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். “ஹிட்லரையும் மக்கள்தானே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தார்கள்?” என்ற பேச்சு மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் அடிக்கடி காதில் விழுகிறது. பல ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், இது பாதி உண்மைதான் என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஜெர்மனியின் 1928 நாடாளுமன்றத் தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சி பெற்றது வெறும் 2.6 சதவீத வாக்குகள். பொருளாதாரப் பெருமந்தம் தாக்கி, வேலையிழந்தோர் தொகை 60 லட்சத்தைத் தொட்ட நிலையில், 1932 ஜூலையில் அது 37.3 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் தேர்தல் நடந்தபோது, ஏறத்தாழ 20 லட்சம் வாக்குகளை இழந்து 33.1 சதவீதத்துக்கு இறங்கியது. மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் அக்கட்சிக்கு வாக்களிக்கவில்லை. அதன் செல்வாக்கு சரியத் தொடங்கியிருந்த நேரத்தில்தான், 1933 ஜனவரி 30 அன்று, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஹிட்லரைப் பிரதமராக நியமித்தார்.

அந்த நியமனத்துக்குத் தூது போனவர் முன்னாள் பிரதமர் பாப்பன். அமைச்சரவையில் ஹிட்லரோடு சேர்த்து நாஜிகள் மூவர் மட்டுமே இருந்ததால், கடிவாளம் தம் கையில்தான் இருக்கும் என்று பழமைவாதத் தலைவர்கள் நம்பினர். நாடாளுமன்றத்தை ஒதுக்கிவிட்டு, வைமர் சாசனம் எனப்பட்ட அன்றைய ஜெர்மன் அரசியல் சாசனத்தின் 48ஆம் பிரிவைக் கொண்டு அவசரச் சட்டங்களால் ஆளும் வழக்கமோ 1930 முதலே வேரூன்றியிருந்தது. பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே அதே 48ஆம் பிரிவின்படி பேச்சுரிமையும் பத்திரிகைச் சுதந்திரமும் நிறுத்திவைக்கப்பட்டன; கம்யூனிஸ்டுகள் ஆயிரக்கணக்கில் கைதாயினர். அத்தனை அச்சுறுத்தலுக்கு நடுவே நடந்த மார்ச் 5 தேர்தலில்கூட நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 சதவீதமே.

என் மாணவர்களுக்கு நான் தவறாமல் விரிவாகச் சொல்லிவந்த நாள் மார்ச் 23. நாடாளுமன்றக் கட்டடம் எரிந்துபோனதால் குரோல் இசையரங்கில் அவை கூடியது. மேடைக்குப் பின்னே பெரிய ஸ்வஸ்திகா கொடி; சுவரோரமாகச் சீருடை அணிந்த நாஜிப் படையினர். கம்யூனிஸ்ட் உறுப்பினர் 81 பேரில் ஒருவரும் அவைக்குள் வர முடியவில்லை. நாடாளுமன்றத்தைக் கேளாமலே அரசு சட்டம் இயற்றலாம் என்ற மசோதாவுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. அது கத்தோலிக்கர்களின் மையக் கட்சி கையில் இருந்தது. அதன் தலைவர் காஸ், ஹிட்லர் அளித்த வாக்குறுதிகளை எழுத்தில் தரும்படி கேட்டார். கடிதம் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லப்பட்டது. சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ வெல்ஸ் மட்டும் எழுந்து நின்று, எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது என்று முழங்கினார். அவையில் இருந்த அவரது கட்சியினர் 94 பேரும் எதிர்த்து வாக்களித்தனர். மையக் கட்சி உட்பட 444 பேர் ஆதரித்தனர்.

அந்த 444 பேரில் எல்லோரும் நாஜிகள் அல்லர் என்பதை நம் பாடநூல்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அச்சமும், பேரம் பேசிப் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் அவர்களுக்குள் இருந்தன. ஜூலை 5 அன்று மையக் கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஜூலை 14 அன்று நாஜிக் கட்சி தவிர வேறு கட்சியே இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. காஸ் கேட்ட கடிதம் கடைசிவரை வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்.